மருத்துவக் கல்லூரியின் ரேங்க் ரெசிடென்சி இடத்தைத் தீர்மானிக்கிறதா? முதல்முறை தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்ததும், வாழ்த்துக்கு அடுத்து வருவது "அது எத்தனாவது ரேங்க்?" என்ற கேள்விதான். சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்கா செல்ல நினைக்கும் பிள்ளைகளின் வீட்டில் அது வேறு உருவில் எழுகிறது: "நம்ம காலேஜ் பேரு அங்க எடுபடுமா?"

நியாயமான கவலைதான். அமெரிக்காவில் பட்டம் வாங்கிய கையோடு யாரும் தொழில் நடத்திவிட முடியாது. ஒரு மருத்துவமனையில் ரெசிடென்ட்டாகச் சேர்ந்து பயிற்சி (ரெசிடென்சி) பெற்ற பிறகே மாநிலங்கள் முழு உரிமம் தருகின்றன. குடும்ப மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் 3 ஆண்டுப் பயிற்சி, பொது அறுவை சிகிச்சைக்கு 5, நரம்பு அறுவை சிகிச்சைக்கு 7. அந்த இடம் கிடைக்காதவர் பட்டத்தையும் கடனையும் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது என்பது பெரிதும் கணக்கில் வருகிறது. ஒரே வகைக்குள் 15-வது ரேங்கா 60-வது ரேங்கா என்பது, பெரும்பாலான மாணவர்களுக்கு, பெற்றோர் நினைக்கும் அளவில் பாதிகூட வராது. சில துறைகளிலும் சில மருத்துவமனைகளிலும் மட்டும் பெயருக்கு உண்மையான எடை உண்டு. எங்கே உண்டு, ஏன் உண்டு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: இடம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் நீட் பி.ஜி. எழுதினால் ஒரு ரேங்க் வரும். அதை வைத்துக் கவுன்சலிங்கில் இடம் எடுக்கலாம். எதிரில் இருக்கும் கல்லூரிக்கு உங்கள் முகம்கூடத் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்க முறை அப்படியல்ல. கடைசி ஆண்டு மாணவர் செப்டம்பரில் ஈராஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாகப் பல மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கிறார். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல்கள். 2020-க்குப் பிறகு இவை பெரும்பாலும் காணொளியில்தான். பிறகு மாணவர் தான் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறார். மருத்துவமனையும் தான் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்துகிறது. இரண்டு பட்டியல்களையும் என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு கணினியில் பொருத்துகிறது. இதைத்தான் "மேட்ச்" என்கிறார்கள். மார்ச் மூன்றாவது வாரத் திங்கட்கிழமை இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். எங்கே என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். திங்களன்று இடமில்லை என்று அறிந்தவர்கள் மீதமுள்ள இடங்களுக்கு அதே வாரத்தில் போட்டியிடும் ஏற்பாட்டுக்கு "சோப்" என்று பெயர்.

இந்தப் பொருத்தும் முறையின் வேர், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவரும் 1962-இல் வெளியிட்ட கணிதக் கட்டுரையோடு தொடர்புடையது. இன்று நடப்பிலிருக்கும் வடிவத்தை ஆல்வின் ராத் திருத்தியமைத்தார். 1998 முதல் அது மாணவரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி இயங்குகிறது. ஷேப்லியும் ராத்தும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். உங்களுக்கு இதில் உள்ள பயன் ஒன்றுதான்: "அங்கே நமக்குக் கிடைக்காது" என்று பயந்து, மிகவும் பிடித்த மருத்துவமனையைப் பட்டியலில் கீழே தள்ள வேண்டாம். மேலே வைப்பதால் கீழே உள்ள இடங்களில் உங்கள் வாய்ப்பு குறையாது.

இந்த ஏற்பாட்டில் எந்த இடத்தில் கல்லூரியின் பெயர் நுழைகிறது? பெரும்பாலும் ஒரே இடத்தில். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து நேர்காணலுக்குச் சில நூறு பேரைப் பிரித்தெடுக்கும்போது. நேர்காணல் அறைக்குள் வந்துவிட்டவரைப் பெயரைவிட அவரது பேச்சும் பழக்கமும்தான் காப்பாற்றும்.

இரண்டாம் படி: ரேங்கை விடுங்கள், முதலில் வகையைப் பாருங்கள்

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான அடிப்படைப் பட்டம். அதற்கு இணையான இன்னொரு பட்டம் டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். இவை தவிர, கரீபியன் தீவுகளில் அமெரிக்க மாணவர்களை நம்பி நடக்கும் கல்லூரிகள் உண்டு. இந்தியா போன்ற நாடுகளில் படித்துவிட்டு வருபவர்கள் நான்காவது வகை.

2024 மேட்சின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதலாண்டுப் பயிற்சி இடம் கிடைத்தது. டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம். வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதம். வெளிநாட்டில் படித்த வெளிநாட்டவரில் 58.5 சதவீதம். எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றேகால் புள்ளி இடைவெளி. அதற்குக் கீழே இருபத்தைந்து புள்ளிகள் இறங்குகின்றன. எந்தத் தரவரிசைப் பட்டியலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டாது.

இந்த எண்களுக்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறுதியில் விருப்பப் பட்டியலைச் சமர்ப்பித்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஒரு நேர்காணல்கூடக் கிடைக்காமல் பட்டியலே போடாதவர் இதில் இல்லை. கரீபியன் கல்லூரிகளில் இதற்கும் முன்பே, படிப்பின் நடுவில், வெளியேறுபவர்கள் கணிசமானவர்கள். கிரெனடாவில் 1977 முதல் இயங்கும் செயின்ட் ஜார்ஜஸ் போன்ற பழைய கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் நல்ல மருத்துவர்கள் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் "அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்?" என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். உள்நாட்டு டி.ஓ. இடமும் கரீபியன் எம்.டி. இடமும் கையில் இருந்தால், டி.ஓ. இடத்தை எடுப்பதுதான் சரி. பட்டத்தில் எம்.டி. என்ற இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்பதற்காக இதை மாற்றிச் செய்யும் குடும்பங்கள் இன்னும் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

2020-இல் எம்.டி., டி.ஓ. பயிற்சித் திட்டங்கள் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்தன. அதன் பிறகு டி.ஓ. மாணவர்களுக்குப் பாதை நன்றாகவே திறந்திருக்கிறது. நரம்பு அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் போன்றவற்றில் மட்டும் அவர்கள் இன்னும் மிகக் குறைவு.

மூன்றாம் படி: ரேங்க் எதை அளக்கிறது என்று கேளுங்கள்

நாம் "ரேங்க்" என்று சொல்வது பெரும்பாலும் யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் பட்டியலைத்தான். ஆராய்ச்சிப் பட்டியலில் பல ஆண்டுகள் பெரும்பங்கு வகித்தது, கல்லூரி ஈர்க்கும் ஆராய்ச்சி நிதி. அதோடு சேரும் மாணவர்களின் எம்.கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஆசிரியர் மாணவர் விகிதம், மற்றக் கல்லூரிக்காரர்கள் சொல்லும் நற்பெயர். மூன்றாம் ஆண்டில் வார்டில் நிற்கும் மாணவருக்கு யார் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை.

2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி இந்தப் பட்டியலுக்குத் தகவல் தருவதை நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, மவுன்ட் சினாய் ஆகியவை அடுத்தடுத்து அதே முடிவை எடுத்தன. 2024-இல் யு.எஸ். நியூஸ் 1, 2, 3 என்று எண் கொடுப்பதையே விட்டுவிட்டு, மருத்துவக் கல்லூரிகளை நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. ஆகவே "எத்தனாவது?" என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இப்போது விடையே இல்லை. பழைய எண்கள்தான் இன்னும் வீடுகளில் உலவுகின்றன.

அதே நிறுவனம் ஆரம்பநிலை மருத்துவத்துக்குத் தனிப் பட்டியல் வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணத்துக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகம் வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ என ஐந்து மாநிலங்களின் கிராமப்புறங்களுக்கு மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரி. குடும்ப மருத்துவராக விரும்பும் ஒருவருக்கு அங்கே கிடைக்கும் பயிற்சியின் அருமை, ஆராய்ச்சி நிதியை எண்ணிப் போடும் வரிசையில் தெரியாது.

நான்காம் படி: பெயர் எடுபடும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தோல், எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பு அறுவை சிகிச்சை, காது மூக்கு தொண்டை ஆகிய துறைகளில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பொது மருத்துவத்தில் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பிரிகாம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற ஆராய்ச்சி மருத்துவமனைகளில் கிடைக்கும் இடம் வேறு. இந்த இரண்டு திசைகளிலும் பெரிய கல்லூரி மாணவர்கள் அதிகமாகவே போய்ச் சேர்கிறார்கள். இதை மறைப்பதில் பயனில்லை.

ஏன் என்பதுதான் முக்கியம். ரேங்க் எண் அந்த வேலையைச் செய்வதில்லை. எண்ணோடு கூடவே வரும் சில வசதிகள் செய்கின்றன. பெரிய கல்லூரியில் எல்லாத் துறைகளுக்கும் சொந்தப் பயிற்சித் திட்டம் இருக்கும். தோல் மருத்துவத்தில் ஆர்வமுள்ள மாணவர் முதலாண்டிலேயே அந்தத் துறைத் தலைவரின் அறைக் கதவைத் தட்டலாம். ஆராய்ச்சியில் சேரலாம். இறுதியில் அந்தத் துறைத் தலைவரே பரிந்துரைக் கடிதம் எழுதுவார். அதை மறுமுனையில் வாசிப்பவர் அவரை மாநாடுகளில் பல ஆண்டுகளாகச் சந்திப்பவர். சிறு துறைகளில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். அந்தத் துறையே இல்லாத ஒரு புதிய கல்லூரியின் மாணவர் இவை அனைத்தையும் வெளியூரில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம் எண்களைப் படிக்கும்போது மறந்துபோவது. பெரிய கல்லூரிக்குள் நுழைபவர்கள் ஏற்கெனவே தேர்வுகளில் வல்லவர்கள். அவர்கள் எங்கே படித்திருந்தாலும் நல்ல இடத்துக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. அந்தப் பெருமையில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

பெயரின் எடையை அண்மையில் கூட்டிய ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு முன்பு மூன்று இலக்க மதிப்பெண் உண்டு. பெயரில்லாத கல்லூரி மாணவர் அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்க முடிந்தது. 2022 ஜனவரி 26 முதல் அது வெறும் பாஸ், ஃபெயில். மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் சிறிய கல்லூரி மாணவர்களின் கையிலிருந்த ஒரு வலுவான ஆயுதம் அதோடு போயிற்று. இப்போது விண்ணப்பிக்கும் மாணவரிடம் எண்ணாக மிஞ்சியிருப்பது, அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மட்டுமே. அதனால் அதை விண்ணப்பிக்கும் செப்டம்பருக்கு முன்பே எழுதி முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு நிற்பது பெயரில்லாத கல்லூரியில் படிப்பவருக்குக் கட்டாயம்.

பயிற்சித் திட்ட இயக்குநர்களிடம் என்.ஆர்.எம்.பி. கருத்துக்கணிப்புகள் நடத்தி வெளியிடுகிறது. நேர்காணலுக்கு அழைக்க அவர்கள் பார்ப்பவற்றில், உரிமத் தேர்வில் தோற்றிருக்கிறாரா என்பதும், ஸ்டெப் மதிப்பெண்ணும், அந்தத் துறையினர் எழுதிய கடிதங்களும், டீன் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதமும் கல்லூரியின் நற்பெயருக்கு மேலேயே இருக்கின்றன. பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இல்லை. முதலிடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

புதிதாக வந்துள்ள ஓர் ஏற்பாடு சிறிய கல்லூரிக்காரர்களுக்குக் கைகொடுக்கிறது. "சிக்னல்" என்று சொல்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே "உங்களிடம் வர எனக்கு உண்மையான விருப்பம்" என்று குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மருத்துவமனைகளுக்குத் தெரிவிக்கலாம். 2024-25 பருவத்தில் எலும்பு அறுவை சிகிச்சைக்கு 30, பொது மருத்துவத்துக்கு 15 என்று எண்ணிக்கை இருந்தது. இதோடு, நான்காம் ஆண்டில் வேறொரு மருத்துவமனையில் ஒரு மாதம் வேலை பார்க்கும் "அவே ரொட்டேஷன்" என்ற ஏற்பாடும் உதவுகிறது. எலும்புத் துறையில் அந்த ஒரு மாதத்தில் நல்லபடியாக உழைத்தவரை, அவர் எந்தக் கல்லூரி என்று பாராமல் எடுத்துக்கொள்வது வழக்கமாக நடப்பதுதான்.

குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், சமூக மருத்துவமனைகளின் பொது மருத்துவம் ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை நினைத்துத் தூக்கம் இழக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கல்லூரியின் மேட்ச் லிஸ்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு மார்ச் மாதமும் கல்லூரிகள் தங்கள் மாணவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பெருமையோடு வெளியிடுகின்றன. தரவரிசையைவிட நூறு மடங்கு பயனுள்ள ஆவணம் இது. ஆனால் படிக்கத் தெரிய வேண்டும்.

"98 சதவீதம் பேருக்கு இடம்" என்று போட்டிருந்தால், அது மேட்சிலேயே கிடைத்ததா, சோப்பில் ஓடிப் பிடித்ததையும் சேர்த்தா என்று கேளுங்கள். பிறகு "பிரிலிமினரி" என்ற சொல்லைத் தேடுங்கள். ஓராண்டுக்கு மட்டுமான இடம் அது. கண் மருத்துவம், கதிரியக்கவியல் போன்ற துறைகளில் இடம் வாங்கியவர்களும் முதலாண்டை அப்படிக் கழிப்பது உண்டு. அவர்களுக்கு அடுத்த ஆண்டு இடம் தயாராக இருக்கும். ஆனால் அறுவை சிகிச்சையில் பிரிலிமினரி ஓராண்டு மட்டும், அடுத்து எதுவும் குறிப்பிடவில்லை என்றால், அந்த மாணவர் அடுத்த ஆண்டு மறுபடி போட்டியிட வேண்டும். கல்லூரியின் பட்டியலில் இருவருமே "இடம் பெற்றவர்கள்"தான்.

ஒரே ஆண்டின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்பில் பத்துப் பேர் எலும்பு மருத்துவத்துக்கும் அடுத்த வகுப்பில் இரண்டு பேரும் போகலாம். மாணவர்களின் விருப்பம் அப்படி மாறும். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். தோல் மருத்துவத்துக்கு யாரும் போகவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையா, கேட்டும் கிடைக்கவில்லையா என்பது பட்டியலில் தெரியாது. அதை மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஊரையும் பாருங்கள். மாநிலக் கல்லூரிகளின் மாணவர்கள் பெருமளவில் தங்கள் மாநிலத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் சேர்கிறார்கள். டெக்சாஸில் வாழ நினைக்கும் ஒருவருக்கு, கிழக்குக் கரையின் புகழ்பெற்ற கல்லூரியைவிட டெக்சாஸின் அரசுக் கல்லூரி கூடுதல் பயன் தரக்கூடும். கட்டணமும் அங்கே குறைவு.

ஆறாம் படி: பெயரையும் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கடன் வாங்கிப் படிக்கும் அமெரிக்க மருத்துவ மாணவரின் இடைநிலைக் கடன் ஏறத்தாழ 2 லட்சம் டாலர். ரெசிடென்ட்டின் முதலாண்டுச் சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். அந்தச் சம்பளத்தில் வாடகை போக, வட்டியைக்கூட முழுதாகக் கட்டுவது கடினம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் கடன்தான்.

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-இல் எல்லா மாணவர்களுக்கும் படிப்புக் கட்டணத்தை நீக்கியது. 2024-இல் ரூத் காட்ஸ்மன் கொடுத்த 100 கோடி டாலர் நன்கொடையால் பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியும் கட்டணமில்லாததாயிற்று. இப்படிப்பட்ட இடம் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெயருக்காக மட்டும் ஒன்றரை லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், நான் மாநிலக் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். விதிவிலக்கு ஒன்றுண்டு: ஆராய்ச்சி மருத்துவராகவோ, மேலே சொன்ன சிறு துறைகளிலோதான் வாழ்க்கை என்று பிள்ளை உறுதியாக இருந்து, மாநிலக் கல்லூரியில் அந்தத் துறையே இல்லாமல் இருந்தால்.

ஏழாம் படி: தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு

வேலூர் சி.எம்.சி. நம் நாட்டின் என்.ஐ.ஆர்.எஃப். என்ற அரசுத் தரவரிசையின் மருத்துவப் பட்டியலில் மிக உயரத்தில் இருக்கும் கல்லூரி. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு 1835-லிருந்து வரலாறு உண்டு. இவற்றின் பெயரை அறிந்த பயிற்சி இயக்குநர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பெரும்பாலும் இந்தக் கல்லூரிகளில் படித்துவிட்டுப் போனவர்களோடு வேலை பார்த்ததால் அறிந்தவர்கள். என்.ஐ.ஆர்.எஃப். எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அதனால் 40-வது இடத்தில் இருக்கும் கல்லூரியில் படித்தோமே என்று மனம் தளர வேண்டாம்.

உங்கள் கல்லூரி உலக மருத்துவக் கல்லூரிகள் கையேட்டில் இருக்கிறதா, வெளிநாட்டில் படித்தவர்கள் அமெரிக்கப் பயிற்சியில் சேரத் தேவையான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்கு ஏற்கப்படுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்தியக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு 2023-இல் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் 10 ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த முதல் கேள்வியைத் தாண்டிய பிறகு உங்கள் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துபவை நான்கு: இரண்டு ஸ்டெப் தேர்வுகளையும் முதல் முயற்சியிலேயே முடிப்பது, ஸ்டெப் 2-இல் நல்ல மதிப்பெண், அமெரிக்க மருத்துவமனையில் நோயாளிகளோடு வேலை பார்த்த அனுபவமும் அங்கிருந்து வந்த கடிதங்களும், பட்டம் பெற்று அதிக ஆண்டுகள் ஆகாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன விண்ணப்பங்களைத் திறக்காமலே ஒதுக்கும் திட்டங்கள் உண்டு.

விசாவையும் முன்பே பாருங்கள். ஜே-1 விசா தரும் மருத்துவமனைகள் அதிகம், ஆனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாடு திரும்பவோ, மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி விலக்குப் பெறவோ வேண்டும். எச்-1பி விசா வேண்டுமென்றால் ஸ்டெப் 3-ஐயும் முடித்திருக்க வேண்டும்.

ஆபிரகாம் வர்கீஸ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1980-இல் அவர் ரெசிடென்சியில் சேர்ந்த இடம் டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்ற சிறு நகரம். பிறகு பாஸ்டனில் தொற்றுநோய் மருத்துவத்தில் மேற்பயிற்சி. இன்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், உலகறிந்த எழுத்தாளர். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல வரவில்லை. மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரியின் பெயர் பின்னுக்குப் போய், ரெசிடென்சியில் நீங்கள் செய்த வேலை முன்னுக்கு வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எட்டாம் படி: முடிவெடுக்கும் வாரம்

அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 30-க்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரியிலும் நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலரிடம் பேசுங்கள். மேட்சில் இடம் கிடைக்காத மாணவரைக் கல்லூரி எப்படி நடத்தியது என்று கேளுங்கள். வெற்றி பெற்றவர்களைக் காட்டாத கல்லூரி இல்லை. தவறியவரைக் கைவிடாத கல்லூரிதான் நல்ல கல்லூரி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள நல்ல பெயராக இருக்கிறதே என்பதற்காகப் பிள்ளையை ஒரு கல்லூரிக்குத் தள்ளாதீர்கள். நான்கு ஆண்டு படிக்கப்போவதும், அந்தக் கடனை அடைக்கப்போவதும், மார்ச் மாதத் திங்கட்கிழமை அந்த மின்னஞ்சலைத் திறக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். கணக்கை எழுதிக் காட்டுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள்.